மின்சார மோட்டார் வண்டியும் அமெரிக்க வரிச்சலுகையும்

பொருளை ஈட்டுதல், காத்தல், வகுத்தல் என்பன அரசின் கடமைகளெனப் பண்டைய நீதிநூலார் கூறிப்போந்தனர். இவற்றுள் ஈட்டுதல் எவ்வாறாயினும் நிகழ்ந்துவிடும். வகுத்தலே அரிது. எதற்குக் கொடுப்பது, எவருக்குக் கொடுப்பது, எவ்வளவு காலம் கொடுப்பது, எவ்வாறு நிறுத்துவது என்னும் நான்கு வினாக்களுக்கும் ஒருங்கே தக்க விடை கண்ட அரசுகள் மிகச் சிலவே. அவற்றுள்ளும் கொடுக்கத் தொடங்குதல் எளிது. கொடுத்ததை நிறுத்துமிடத்திலேயே அரசின் அறிவு சோதிக்கப்படுகின்றது. இதற்கு நம் காலத்து எடுத்துக்காட்டொன்றை ஐக்கிய அமெரிக்கா தந்துள்ளது. மின்சார மோட்டார் வண்டி வாங்குவோருக்கு அந்நாட்டு மத்திய அரசு வழங்கி வந்த வருமானவரிச் சலுகை 2025ஆம் ஆண்டு செப்டெம்பர் 30ஆம் நாளோடு முடிவுற்றது. அச்சலுகை எத்தன்மையது, எவ்வாறு வளர்ந்தது, ஏன் நீங்கியது, நீங்கியதால் விளைந்தது யாது என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சலுகையின் இயல்பு

வரிச்சலுகை இரு வகைப்படும். ஒன்று வரிக்கழிவு, மற்றது வரிவரவு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் பலரிடமும் காணப்படும் மயக்கமாகும். வரிக்கழிவென்பது ஒருவரின் வருமானத்திலிருந்து ஒரு தொகையைக் கழித்து, எஞ்சியதற்கு மாத்திரம் வரி விதித்தல். வரிவரவென்பது வரியைக் கணித்த பின்னர், அவ்வரியிலிருந்தே ஒரு தொகையைக் கழித்துவிடுதல். 22 வீத வரிப்படியில் உள்ள ஒருவருக்கு 7,500 டொலர் கழிவு வழங்கினால், அவர் பெறும் நன்மை 1,650 டொலர். அதே 7,500 டொலரை வரிவரவாக வழங்கினாலோ, நன்மை முழு 7,500 டொலருமாகும். மின்சார வண்டிக்கு அமெரிக்கா வழங்கியது இரண்டாவது வகையே.

ஆயினும் இவ்வரிவரவில் ஒரு குறையும் இருந்தது. செலுத்த வேண்டிய வரியின் அளவுக்கு மேற்பட்ட தொகையை அரசு மீளக் கொடுப்பதில்லை. ஆண்டிற்கு 3,000 டொலர் மாத்திரமே வரி செலுத்தும் ஆசிரியர் ஒருவர் மின்சார வண்டி வாங்கினால் அவருக்குக் கிட்டுவது 3,000 டொலர். பெருவருமானமுடைய வைத்தியருக்கோ முழுத்தொகையும் கிட்டும். உதவி தேவைப்பட்டவனுக்குக் குறைவாகவும் தேவைப்படாதவனுக்கு நிறைவாகவும் அளக்கும் மரக்காலாக இது அமைந்தது. செவெரின் போறன்ஸ்ரைன், லூக்கசு டேவிசு என்னும் பொருளியல் ஆய்வாளர் இருவர் வருமானவரிப் பதிவுகளைக் கொண்டு ஆராய்ந்து 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், மின்சார வண்டிக்கென வழங்கப்பட்ட வரிவரவின் ஏறக்குறைய 90 வீதம் வருமானத்தில் மேற்படியிலுள்ள ஐந்திலொரு பங்கினரையே சென்றடைந்ததெனக் கண்டனர். இச்செய்தியை மனத்திற் கொண்டு மேற்செல்வோம்.

தோற்றமும் வளர்ச்சியும்

மின்சார வண்டி இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1900ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் உற்பத்தியான மோட்டார் வண்டிகளுள் மூன்றிலொரு பங்கிற்கு மேற்பட்டவை மின்சாரத்தால் இயங்கியனவே. நீராவி வண்டியைப் போலச் சூடேறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பெற்றோல் வண்டியைப் போலக் கைப்பிடி சுழற்ற வேண்டியதுமில்லை. எனினும் 1908இல் வந்த போர்ட்டு நிறுவனத்தின் மலிவான 'ரீ' வகை வண்டியும், 1912இல் கடிலாக்கு வண்டியில் முதன்முதற் பொருத்தப்பெற்ற மின்னியக்கத் தொடக்கியும் பெற்றோல் வண்டிக்கு வெற்றி தேடித்தந்தன. பெற்றோல் இயந்திரத்தைத் தொடக்கிவைத்த சிறிய மின்மோட்டாரே பெரிய மின்வண்டியைத் தெருவினின்றும் அகற்றியது என்பது விந்தையே.

எண்ணெய் நெருக்கடியும் நகரங்களிற் சூழ்ந்த புகையும் அரசினரின் கவனத்தை மீண்டும் மின்வண்டியின்பாற் திருப்பின. 1992ஆம் ஆண்டின் சத்திக் கொள்கைச் சட்டம் மின்வண்டியின் விலையில் 10 வீதத்தை, 4,000 டொலருக்கு மேற்படாமல், வரிவரவாகக் கொடுத்தது. எனினும் அன்று வாங்குதற்குத் தக்க வண்டி சந்தையில் இருந்திலது. ஆகவே சட்டம் இருந்தும் பயன் சிறிதாயிற்று.

2008ஆம் ஆண்டு ஒக்டோபரில் நிறைவேறி, 2009இல் திருத்தம் பெற்ற சட்டமே நாம் ஆராயும் சலுகைக்கு மூலமாகும். அதன்படி மின்னேற்றிச் செலுத்தும் வண்டிக்கு அடிப்படையாக 2,500 டொலரும், மின்கல அடுக்கின் கொள்ளளவிற்கேற்ப மேலும் 5,000 டொலர்வரையும் வழங்கப்பட்டன. 16 கிலோவாற்று-மணி கொண்ட அடுக்கிற்கு முழு 7,500 டொலரும் கிட்டும். 2010ஆம் ஆண்டு திசெம்பரில் விற்பனைக்கு வந்த செவ்ரலே வோல்ற்று வண்டியின் மின்கல அடுக்கு சரியாக 16 கிலோவாற்று-மணி கொண்டதாக இருந்தமை கருதத்தக்கது.

இச்சட்டத்தில் ஒரு வரம்பும் இருந்தது. ஓர் உற்பத்தியாளர் 200,000 வண்டிகளை விற்றவுடன், அவருடைய வண்டிகளுக்குரிய சலுகை பாதியாகி, பின் காற்பங்காகி, ஓராண்டளவில் அற்றுப்போகும். குழந்தைத் தொழிலை நடைபழக்கும் வரையில் கைபிடித்துச் சென்று, பின்னர் விட்டுவிடுவதே சட்டஞ் செய்தோரின் எண்ணம். எண்ணம் நல்லதே, ஆனால் வரம்பு தொழில் முழுவதற்கும் பொதுவாக வைக்கப்படாமல், ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியே வைக்கப்பட்டது. ரெசுலா நிறுவனம் 2018ஆம் ஆண்டு யூலையிலும், செனரல் மோட்டார்சு நிறுவனம் அவ்வாண்டின் இறுதியிலும் அவ்வெல்லையை எட்டின. 2020ஆம் ஆண்டு ஏப்பிரிலுக்குள் இவ்விரண்டிற்கும் சலுகை அறவே நின்றது. முந்தி ஓடியவனுக்குப் பரிசு நிற்க, பிந்தி வந்தவனுக்கு அது தொடர்ந்தது.

2022ஆம் ஆண்டின் மாற்றம்

2022ஆம் ஆண்டு ஓகத்து 16ஆம் நாள் சனாதிபதி யோசெப்பு பைடன் ஒப்பமிட்ட பணவீக்கக் குறைப்புச் சட்டம் இக்குறைகளைத் தீர்க்க முயன்றது. 200,000 என்னும் எல்லை 2023 முதல் நீக்கப்பட்டது. செல்வர்க்கே சலுகை செல்கின்றது என்னும் குறையை நீக்க, தனியொருவருக்கு 150,000 டொலரும் தம்பதியர்க்கு 300,000 டொலரும் வருமான உச்சமாக வகுக்கப்பட்டன. வண்டியின் விலைக்கும் உச்சம் உண்டு: சாதாரணக் காருக்கு 55,000 டொலர், பெருவண்டிகளுக்கு 80,000 டொலர். பாவித்த மின்வண்டியை 25,000 டொலருக்கு மேற்படாத விலையில் முகவரிடம் வாங்குவோருக்கும் விலையின் 30 வீதம், 4,000 டொலர்வரை, முதன்முறையாக வழங்கப்பட்டது. 2024 முதல் வாங்குவோர் தம் வரிவரவை விற்பனை முகவருக்கு மாற்றிக் கொடுத்து, அத்தொகையை விலையிலேயே கழித்துக்கொள்ளவும் வழி பிறந்தது. இதனால் மேற்சொன்ன ஆசிரியரும், தம் வரி எவ்வளவாயினும், முழுத்தொகையையும் பெறக்கூடியவரானார். சலுகை தன் வாழ்நாளிலேயே மிக நீதியாக வழங்கப்பெற்ற காலம் இதுவே எனலாம்.

ஆனால் சட்டஞ் செய்தோர் மற்றொரு நோக்கத்தையும் இதனுட் புகுத்தினர். வண்டி வட அமெரிக்காவில் இறுதியாகப் பொருத்தப்படல் வேண்டும். 7,500 டொலரில் பாதி, மின்கலத்திற்கான கனிப்பொருள்கள் அமெரிக்காவிலோ அதனுடன் தடையற்ற வாணிப ஒப்பந்தமுள்ள நாடுகளிலோ பெறப்படுவதைப் பொறுத்தது. மறுபாதி, மின்கல உறுப்புக்கள் வட அமெரிக்காவிற் செய்யப்படுவதைப் பொறுத்தது. இவற்றின் வீதமும் ஆண்டுதோறும் ஏறும். அன்றியும் சீனா முதலிய சில நாடுகளின் நிறுவனங்கள் செய்த உறுப்புக்கள் கலந்திருப்பின் 2024 முதல் சலுகை இல்லை. மின்கலத் தொழிலின் பெரும்பகுதி சீனரின் கையிலிருக்கும் உலகில் இஃது எளிய நிபந்தனையன்று. 2024ஆம் ஆண்டு பிறந்த அன்று, சலுகைக்குரிய வண்டி வகைகளின் தொகை பாதிக்கு மேலாகக் குறைந்துவிட்டது. புகையைக் குறைத்தல் ஒரு நோக்கம். உள்நாட்டுக் கைத்தொழிலை வளர்த்தல் மற்றொரு நோக்கம். ஒரே அம்பினால் இரு பறவைகளை வீழ்த்த முயன்றபோது, அம்பு இரண்டிற்கும் நடுவே செல்வதாயிற்று.

இதற்கிடையில் வணிகர் ஒரு வாயிலைக் கண்டனர். வணிகப் பயன்பாட்டு வண்டிகளுக்கென வேறொரு பிரிவு இருந்தது. அதில் வருமான உச்சமோ உற்பத்தி இட நிபந்தனையோ இல்லை. ஒருவர் வண்டியை விலைக்கு வாங்காமற் குத்தகைக்கு எடுத்தால், சட்டத்தின் கண்ணில் வண்டியை வாங்கியவர் குத்தகை கொடுக்கும் நிறுவனமே. அந்நிறுவனம் 7,500 டொலரைப் பெற்றுக் குத்தகைத் தொகையைக் குறைக்கும். இவ்வழியாற் கொரியாவிலும் ஜேர்மனியிலும் செய்யப்பட்ட வண்டிகளும் சலுகை பெற்றன. முன்வாயிலிற் காவலாளியை நிறுத்திய அரசு, பின்வாயிலைத் திறந்தே வைத்திருந்தது.

நீக்கம்

இச்சலுகை 2032ஆம் ஆண்டின் இறுதிவரை நிலவும் என்பது 2022ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த சொல். அச்சொல் மூன்றாண்டும் நிலைக்கவில்லை. சனாதிபதி டொனால்டு திறம்பு 2025ஆம் ஆண்டு யூலை 4ஆம் நாள் ஒப்பமிட்ட பெருஞ்சட்டம், புதிய வண்டி, பாவித்த வண்டி, வணிக வண்டி ஆகிய மூன்றிற்குமுரிய வரிவரவை அவ்வாண்டு செப்டெம்பர் 30ஆம் நாளுக்குப் பின் பெறப்படும் வண்டிகளுக்கு இல்லையாக்கியது. வீட்டில் மின்னேற்றும் கருவி பொருத்துதற்குரிய சலுகைக்கு 2026ஆம் ஆண்டு யூன் 30ஆம் நாள் எல்லையாக வைக்கப்பட்டது.

ஈண்டு ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. 2022இல் அமெரிக்க மூதவையில் இருபுறமும் ஐம்பது வாக்குகளாகச் சமநிற்க, துணைச் சனாதிபதி கமலா ஆரிசின் ஒரு வாக்கினால் அச்சட்டம் நிறைவேறியது. 2025இலும் அவ்வாறே இருபுறமும் சமநிற்க, துணைச் சனாதிபதி வான்சின் ஒரு வாக்கினால் இச்சட்டம் நிறைவேறியது. ஒரு வாக்கினால் எழுப்பப்பட்ட கட்டடம் ஒரு வாக்கினாலேயே இடிக்கப்பட்டது. பத்தாண்டுத் திட்டமென்பது இத்தகைய அடித்தளத்தின்மேல் நின்றதென்பதை உணர்வோர், பின்னர் நிகழ்ந்தவற்றை வியவார்.

நீக்கத்தை ஆதரித்தோர் கூறிய நியாயங்கள் மூன்று. பொதுப்பணம் தாமாகவே வாங்கக்கூடியவர்க்குச் செல்கின்றது என்பது முதலாவது. எவ்வகை வண்டியை வாங்குவதென்பது குடிமகனின் விருப்பம். அதில் அரசு ஒரு தட்டிற் கைவைத்தல் ஆகாது என்பது இரண்டாவது. தொழில் வளர்ந்துவிட்டது, இனித் தாங்குகோல் வேண்டாம் என்பது மூன்றாவது.

சந்தையில் விளைந்தது

சலுகை போகப்போகின்றது என்று அறிந்த மக்கள், போகுமுன் வாங்க விரைந்தனர். செப்டெம்பர் 30ஆம் நாளுக்குள் எழுத்திலமைந்த ஒப்பந்தம் செய்து ஒரு சிறு முற்பணமாவது கொடுத்துவிட்டால், வண்டி பின்னர் கைக்கு வந்தாலும் சலுகை உண்டென இறைவரித் திணைக்களம் அறிவித்தது. இதனால் 2025ஆம் ஆண்டின் மூன்றாங் காலாண்டில் ஏறக்குறைய 438,000 மின்வண்டிகள் விலைப்பட்டன. அந்நாட்டு வரலாற்றில் எக்காலாண்டிலும் அத்தனை விலைப்பட்டதில்லை. விற்பனையான புது வண்டிகளுட் பத்திலொன்று மின்வண்டியாயிற்று. அடுத்த காலாண்டிலோ விற்பனை ஏறக்குறைய 234,000 ஆக வீழ்ந்தது. அஃதாவது பாதியளவிற்கு வந்துவிட்டது.

இவ்வீழ்ச்சியை முழுவதும் சலுகை நீங்கியதன் விளைவெனக் கொள்ளுதல் தவறாகும். ஒக்டோபரிலும் நவம்பரிலும் வாங்க எண்ணியிருந்தோர் செப்டெம்பரிலேயே வாங்கிவிட்டனர். நாளைய நீரை இன்றே இறைத்த கிணற்றில் நாளை நீர் குறைதல் இயல்பே. ஆனால் குறைவு அம்மட்டில் நிற்கவில்லை என்பதை உற்பத்தியாளரின் நடத்தை காட்டியது. செனரல் மோட்டார்சு 2025 ஒக்டோபரில் 160 கோடி டொலரைத் தன் மின்வண்டித் திட்டங்களில் இழப்பாகக் கணக்கெழுதியது. அம்மாதமே டெட்ரோயிற்று நகரிலுள்ள அதன் மின்வண்டித் தொழிற்சாலையில் ஏறக்குறைய 1,200 பேர் வேலையிழப்பரென அறிவிக்கப்பட்டது. போர்ட்டு நிறுவனம் திசெம்பரில் 1,950 கோடி டொலர் இழப்பை அறிவித்துத் தன் பெரிய மின்பாரவண்டியின் உற்பத்தியை நிறுத்தியது.

மறுபுறத்தில் விலை குறைந்த செய்தியும் உண்டு. கொரிய நிறுவனமாகிய உண்டாய் தன் அயோனிக்கு வண்டியின் 2026ஆம் ஆண்டு வகைகளுக்கு 9,800 டொலர்வரை விலை குறைத்தது. ரெசுலா நிறுவனம் வசதிகள் சில குறைந்த, விலையுங் குறைந்த வகைகளை ஒக்டோபரில் வெளியிட்டது. இதிலிருந்து ஓர் பொருளியல் உண்மை புலனாகும். வரியாயினும் சலுகையாயினும், சட்டம் எவர் பெயரைக் குறித்ததோ அவரே அதன் சுமையையோ பயனையோ முற்றாகப் பெறுகின்றார் என்பதில்லை. வாங்குவோர் பெயரில் வழங்கப்பட்ட 7,500 டொலரில் ஒரு பகுதி, உயர்ந்த விலையின் வழியாக விற்போரின் பையிற் சேர்ந்திருந்தது. சலுகை நீங்கியபோது அப்பகுதியை விற்போரே விட்டுக்கொடுத்தனர்.

சாதாரண குடும்பத்திற்கு இச்சலுகை எவ்வளவு பெறுமதி வாய்ந்தது என்பதை ஒரு கணக்கினால் விளக்கலாம். ஆண்டிற்கு 12,000 மைல் ஓடும் ஒரு வண்டியைக் கொள்வோம். கலனுக்கு 30 மைல் ஓடும் பெற்றோல் வண்டிக்கு 400 கலன் வேண்டும். கலன் 3 டொலரெனின் செலவு 1,200 டொலர். மைலுக்கு 0.3 கிலோவாற்று-மணி செலவிடும் மின்வண்டிக்கு 3,600 கிலோவாற்று-மணி வேண்டும். அது 17 சதமெனின் செலவு 612 டொலர். ஆண்டுச் சேமிப்பு 588 டொலர். ஆகவே 7,500 டொலர் என்பது ஏறக்குறைய பதின்மூன்று ஆண்டு எரிபொருட் சேமிப்பிற்குச் சமம். எண்ணெய் மாற்றுதல் முதலிய பராமரிப்புச் செலவு மின்வண்டிக்குக் குறைவென்பதைச் சேர்த்தாலும் ஆண்டுகள் சிலவே குறையும். சொந்த வீடின்றிப் பொது நிலையத்திற் கூடிய விலைக்கு மின்னேற்ற வேண்டியவருக்கோ சேமிப்பு இன்னுஞ் சிறிது. சலுகை நீங்கியபின் மின்வண்டியின் விலை பெற்றோல் வண்டியின் விலையை நெருங்கினாலொழிய, கணக்குப் பார்த்து வாழும் குடும்பம் அதனை நாடாது என்பது இதனாற் பெறப்படும்.

இருபக்க நியாயம்

சலுகை வேண்டுமென்போரின் கோட்பாடு ஆங்கிலப் பொருளியலறிஞர் பிகூ 1920இல் வெளியிட்ட பொருளியல் நலம் பற்றிய நூலில் விரிவாக ஆராயப்பட்டது. ஒருவன் பெற்றோல் எரிக்கும்போது விலையைத் தான் கொடுக்கின்றான். புகையைப் பிறர் சுவாசிக்கின்றனர். இத்தகைய இடத்திற் சந்தை விலை உண்மைச் செலவைக் காட்டாது. அதனைத் திருத்த அரசு புகைக்கு வரி விதிக்கலாம்; அல்லது புகையற்றதற்கு உதவி கொடுக்கலாம். வரி விதித்தலே நேர்வழி. ஆனால் பெற்றோலுக்கு வரி கூட்டும் அரசியல்வாதி அமெரிக்காவில் வாக்கிழப்பார். அந்நாட்டு மத்திய அரசின் பெற்றோல் வரி கலனுக்கு 18.4 சதமாக 1993ஆம் ஆண்டு முதல் மாறாது நிற்பதே இதற்குச் சான்று. கசப்பு மருந்தைக் கொடுக்க அஞ்சிய வைத்தியர் இனிப்பு மருந்தைக் கொடுத்தார்.

மற்றொரு கோட்பாடு குழந்தைத் தொழிலைப் பற்றியது. அமெரிக்காவின் முதல் திறைசேரிச் செயலாளரான அலெக்சாந்தர் ஆமில்ற்றன் 1791ஆம் ஆண்டிற் கைத்தொழில் பற்றிக் காங்கிரசுக்குச் சமர்ப்பித்த அறிக்கையில், புதிய தொழில்களுக்குப் பொதுப்பணத்திலிருந்து ஊக்கப்பணம் கொடுத்தலைப் பெரிதும் ஆதரித்தார். ஆனால் நிலைபெற்ற பழந்தொழில்களுக்கு அதனைத் தொடர்ந்து கொடுத்தல் ஐயத்திற்குரியதென்றும் அவரே எழுதினார். ஆகவே வினா, மின்வண்டித் தொழில் இன்னும் குழந்தையா, வளர்ந்த பிள்ளையா என்பதே. 2010இல் ஒரு கிலோவாற்று-மணி மின்கலம் ஆயிரம் டொலருக்கு மேல் விலை பெற்றது. 2024இல் அது 115 டொலராயிற்று. இவ்வீழ்ச்சியை நோக்குவோர் குழந்தை வளர்ந்துவிட்டதென்பர். ஆனால் அவ்வளர்ச்சியின் பெரும்பகுதி சீனாவில் நிகழ்ந்தது. அமெரிக்க மண்ணில் மின்கலத் தொழிற்சாலைகள் பல 2022க்குப் பின்னரே அத்திவாரமிடப்பட்டன. அங்கே குழந்தை இன்னும் தவழ்கின்றது என்போரின் கூற்றிலும் உண்மையுண்டு. தொழிற்சாலைகளுக்கு உற்பத்தியளவுப்படி வழங்கப்படும் வேறொரு வரிவரவை 2025ஆம் ஆண்டுச் சட்டமும் உடனே நீக்கவில்லை. அடுப்பிற்கு விறகு கொடுத்துவிட்டு, சமைத்ததை உண்போருக்குத் தடைபோட்டதை இஃது ஒக்கும்.

சலுகைக்கு எதிரான நியாயங்களுள் வலிமை மிக்கது, தாமாகவே வாங்கியிருக்கக்கூடியவர் பற்றியது. நூறு பேர் சலுகையுடன் வண்டி வாங்கினர் என்றும், அவருள் எழுபதின்மர் சலுகையின்றியும் வாங்கியிருப்பர் என்றும் வைத்துக்கொள்வோம். அரசு நூறு பேருக்கும் 750,000 டொலர் கொடுக்கின்றது. ஆனால் அதனால் மேலதிகமாகத் தெருவிற்கு வந்த மின்வண்டிகள் முப்பதே. ஆகவே ஒவ்வொரு மேலதிக வண்டிக்கும் பொதுப்பணம் 25,000 டொலர் செலவாகின்றது. இக்கணக்கை மறுப்பதற்கில்லை. ஆயின் இக்கணக்கு கூறும் மருந்து யாது? செல்வரைக் கழித்து, ஏனையோருக்குக் கொடு என்பதே. அவ்வாறு பார்க்குமிடத்து, மூன்று சலுகைகளுள்ளும் மிக நியாயமானது பாவித்த வண்டிக்குரியதாகும். அதன் வருமான உச்சம் தனியொருவருக்கு 75,000 டொலர் மாத்திரமே. பெற்றவர் அது இல்லாவிடின் மின்வண்டி வாங்கியிரார் என்று கருதுதற்கு மிக இடமுண்டு. அதுவும் மற்றவற்றோடு ஒரே நாளில் நீங்கியது. களை பிடுங்கும் கை பயிரையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டது.

பிறநாட்டு அனுபவம்

சலுகையை நிறுத்திய நாடு அமெரிக்கா மாத்திரமன்று. ஜேர்மனியில் 2023ஆம் ஆண்டு நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் 6,000 கோடி யூரோ நிதியொதுக்கீட்டைச் செல்லாதாக்கியதன் பின், திசெம்பர் நடுவில், ஓரிரு நாள் அறிவித்தலோடு மின்வண்டி உதவித்தொகை நிறுத்தப்பட்டது. 2023இல் 524,000 ஆக இருந்த மின்வண்டிப் பதிவு 2024இல் 381,000 ஆகக் குறைந்தது. எனினும் 2025இல் அது மீண்டும் ஏறி, முன்னைய அளவைக் கடந்தது. காரணம், ஐரோப்பிய ஒன்றியத்தின் புகைக் கட்டுப்பாடு உற்பத்தியாளரை விட்டுவிடவில்லை. அவர்கள் மலிவான வண்டிகளைச் செய்து விற்க வேண்டியவராயினர்.

நோர்வேயின் வழி வேறு. அந்நாடு மின்வண்டிக்குப் பணங் கொடாமல், பெற்றோல் வண்டிக்குக் கடும் வரி விதித்து, மின்வண்டிக்கு அதனை விலக்கியது. 1990 முதல் படிப்படியாக விலக்குகள் வளர்ந்தன. தொழில் நிலைபெற்றபின் அவை படிப்படியாகவே குறைக்கப்பட்டன. 2023 முதல் 500,000 குரோனருக்கு மேற்பட்ட விலைப்பகுதிக்குப் பெறுமதி சேர்ந்த வரி விதிக்கப்பட்டது. 2024இல் விலைப்பட்ட புதிய கார்களுள் 89 வீதம் மின்சாரத்தால் இயங்குவன. சீனாவும் நாட்டளவிலான கொள்முதல் உதவியை 2022 இறுதியில் நிறுத்தியது; ஆனால் பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகக் குறைத்தே நிறுத்தியது; கொள்முதல் வரிவிலக்கை உடன் நீக்கவில்லை.

இவற்றை அமெரிக்காவோடு ஒப்பிடும்போது ஒரு வேற்றுமை தெளிவாகும். ஜேர்மனியில் உதவி போயிற்று, கட்டுப்பாடு நின்றது. அமெரிக்காவில் உதவியை நீக்கிய அதே சட்டம், எரிபொருட் சிக்கன விதியை மீறும் உற்பத்தியாளருக்குரிய தண்டப்பணத்தையும் பூச்சியமாக்கிவிட்டது. கலிபோர்ணியா மாநிலம் தன் சொந்தப் புகைவிதிகளை வகுத்தற்குப் பெற்றிருந்த அனுமதியும் 2025 யூனில் நீக்கப்பட்டது. வெல்லமும் போயிற்று, பிரம்பும் போயிற்று. ஆகவே ஜேர்மனியிற் போல ஈராண்டில் விற்பனை மீளுமென எதிர்பார்த்தற்கு அங்கே அதே காரணம் இல்லை. மலிவான வண்டியொன்றையே நம்பியிருக்க வேண்டும்.

முடிவுரை

இதுகாறுங் கூறியவற்றாற் பெறப்படுவன சில. மின்வண்டிச் சலுகை குற்றமற்றதன்று. தொடக்கத்தில் அது செல்வர்க்கே சென்றது; இடையில் முன்னோடிகளைத் தண்டித்தது; இறுதியில் இரு நோக்கங்களுக்கிடையே தடுமாறியது. அது என்றோ ஒருநாள் முடிவுற வேண்டியதே. எந்த ஊன்றுகோலும் கால் வலுப்பெறும் வரையிலேயே. ஆயினும் முடிவுற வேண்டியதென்பது வேறு. முடித்த முறை வேறு. 2032 என்று கூறி 2025இல், மூன்று மாத அவகாசத்தில் நிறுத்தும்போது, அரசு சேமிப்பது பணம்; செலவிடுவது தன் சொல்லின் மதிப்பு. தொழிற்சாலை ஒன்று எழுதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் வேண்டும். அத்தொழிற்சாலை முதலீட்டை மீட்பதற்குப் பத்தாண்டுகள் வேண்டும். ஒவ்வொரு தேர்தலிலும் மாறும் சட்டத்தை நம்பி அவ்வாறு முதலிடுவோர் குறைவர். முதலிட்டாலும் அவ்வபாயத்திற்குரிய விலையை மக்களிடமே அறவிடுவர். டெட்ரோயிற்றில் வேலையிழந்த தொழிலாளி தான் செய்த வண்டியின் குறையால் வேலையிழக்கவில்லை. சட்டத்தின் நிலையாமையால் இழந்தான்.

நோர்வே கற்பிப்பதும் சீனா கற்பிப்பதும் ஒன்றே: ஏணியை வைத்தவன், ஏறியவன் இறங்கும் வரையிலோ மேல்தளம் சேரும் வரையிலோ அதனைப் பிடித்திருத்தல் வேண்டும். படிகளை ஒவ்வொன்றாகக் குறைக்கலாம். ஏணியை ஒரே இழுப்பில் எடுத்தல் ஆகாது. பொருளியல் பயிலும் மாணவர், ஒரு சலுகை நல்லதா தீயதா என்று கேட்பதோடு அமையாது, அது எவரைச் சென்றடைகின்றது, எவ்வாறு முடியும் என அச்சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றதா என்றும் கேட்டல் வேண்டும். முடிவை எண்ணாது தொடங்கப்பெற்ற கொடை, கொடுத்தவனுக்குப் புகழும் தராது, கொண்டவனுக்கு நிலைபேறும் தராது. வகுத்தலின் அருமை இதுவேயாம்.